செவ்வாயிலும் பனி கரைகிறது என்றால், இங்கே சூடாவதற்கும் சூரியன்தான் காரணமா?

கத்திவாக்கம் கலை

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. செவ்வாயின் தென் துருவத்தில் பனி கரைகிறதாம். அங்கே காரும் கிடையாது, அனல்மின் நிலையமும் கிடையாது. ஆகவே பூமி சூடாவதற்கும் சூரியன்தான் காரணம், புகைபோக்கியைக் குறை சொல்லாதீர்கள் என்பது அதன் சாரம்.

நான் அறிவியல் பாடம் நடத்துகிறவள். ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கி தெரிகிற ஊர் எங்களுடையது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது "பொய்" என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் முதல் பாதி உண்மை. மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற நாசா விண்கலம் 1999-இலும், ஒரு செவ்வாய் ஆண்டு கழித்து 2001-இலும் அதே இடத்தைப் படம் எடுத்தது. தென் துருவத்தில் கோடையிலும் தீர்ந்துபோகாமல் கிடப்பது உறைந்த கரியமில வாயுப் (கார்பன் டை ஆக்சைடு) பாளம். அதில் வட்ட வட்டமாகக் குழிகள். அடி தட்டையாக இருக்கும், சுவர் செங்குத்தாக நிற்கும், ஆழம் சுமார் 8 மீட்டர். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சுவர்கள் 1 முதல் 3 மீட்டர் வரை பின்வாங்கியிருந்தன.

ஃபார்வர்டு இந்த உண்மையிலிருந்து தொடங்குவதால்தான் நம்பும்படி இருக்கிறது. ஆனால் அதிலிருந்து தாவுகிற தாவல் சரியில்லை. செவ்வாயின் தட்பவெப்பம் மாறுகிறது, முன்பும் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அங்கேயே ஒரு காரணம் உண்டு, அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கப் போகிறோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

பெரம்பூர் ரகு

டீச்சர், நான் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு எஞ்சினில் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கோளாறு வந்தால் இரண்டுக்கும் பொதுவானது என்ன என்றுதான் முதலில் பார்ப்போம். டீசலா, எண்ணெயா என்று. செவ்வாய்க்கும் பூமிக்கும் பொதுவானது சூரியன். அதைச் சந்தேகிப்பதில் என்ன தவறு? ஃபார்வர்டில் வந்தது என்பதற்காகவே தள்ளிவிட வேண்டாம்.

வியாசை நிலா

ரகு சார், சந்தேகிப்பதில் தவறே இல்லை. ஆனால் டீசலைச் சந்தேகித்தால் டீசலை எடுத்துச் சோதிப்பீர்கள் அல்லவா? சூரியனையும் சோதித்தாயிற்று. 1978 முதல் விண்கலங்களில் கருவி வைத்து சூரிய ஒளியின் மொத்த ஆற்றலை இடைவிடாமல் அளந்து வருகிறார்கள். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை அது ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கமும் 0.1 சதவீதம் அளவுதான். இந்தக் காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மேல்நோக்கிய போக்கு இல்லை. பூமியின் சராசரி வெப்பநிலையோ இதே காலத்தில் தெளிவாக ஏறியிருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சூரியன் அதிகமாகக் காய்ந்தால் நம் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது அப்படியில்லை. தரையை ஒட்டிய கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே இருக்கும் மீள் அடுக்கு குளிர்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடும்போது இப்படித்தான் நடக்கும் என்பது இயற்பியல் கணக்கு. ஓசோன் குறைந்ததற்கும் அந்தக் குளிர்ச்சியில் பங்கு உண்டு. சூரியன் காரணம் என்றால் இந்த இரண்டும் ஒன்றாக வர வழியில்லை.

செவ்வாய் விஷயத்துக்கு வருகிறேன். 2007-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 1970-களில் வைக்கிங் விண்கலங்கள் எடுத்த படங்களையும் 1990-களின் கடைசியில் குளோபல் சர்வேயர் அளந்ததையும் ஒப்பிட்டார்கள். நடுவில் பெரிய நிலப்பரப்புகள் கறுத்திருந்தன. அதாவது, வெளிறிய புழுதி காற்றில் அடித்துப் போய், அடியில் இருந்த கறும்பாறை வெளியே தெரிந்திருந்தது. கறுத்த தரை வெயிலை அதிகம் உறிஞ்சும். அதைக் கணினி மாதிரியில் போட்டபோது சுமார் 0.65 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வு வந்தது. ஃபார்வர்டுகள் இந்த எண்ணைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. அதே ஆய்வு சொன்ன காரணம் புழுதி என்பதை மட்டும் விட்டுவிடுகின்றன.

காசிமேடு செல்வம்

கலை டீச்சருக்கு வணக்கம். நிலா தங்கச்சி புழுதி காற்றில் போனது என்று எழுதியிருக்கிறது. செவ்வாயில் காற்றே கொஞ்சம்தான் என்று படித்திருக்கிறேன். அப்புறம் எப்படி அது புழுதியைத் தூக்கும்? கடலில் போகிறவன் என்பதால் கேட்கிறேன், காற்றின் வேகத்தைவிட அதன் கனம்தான் படகைத் தள்ளுகிறது.

கத்திவாக்கம் கலை

செல்வம் அண்ணா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தரை மட்டத்தில் அங்கே காற்றின் அடர்த்தி நம் காற்றில் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு. பலமாக வீசினால் மணிக்கு 100 கி.மீ. வரை போகும். ஆனால் அந்தக் காற்று உங்கள் மேல் தரும் அழுத்தம் இங்கே மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் வரும் இளங்காற்றின் அளவுதான். படகு அசையாது.

புழுதியை நேரடியாகத் தூக்கவும் அந்தக் காற்றுக்குச் சிரமம்தான். முதலில் நகர்வது மணல். மணல் பருக்கை தத்தித் தத்திப் போய் விழும்போது அடியில் படிந்திருக்கும் நுண்புழுதியை மோதிக் கிளப்பிவிடுகிறது. அந்தப் புழுதித் துகள் சில மைக்ரான் பருமன்தான். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் குளம் கோடையில் காய்ந்து, மேற்காற்றில் எழும்பி, கதவை மூடியிருந்தாலும் கொடியில் காயும் துணியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் வந்து உட்காருகிறதே, அதுபோன்ற நுண்மை. ஒருமுறை மேலே போனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறங்காது.

மேலே போன புழுதி வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. சூடான காற்று மேலெழுகிறது, அந்த இடத்தை நிரப்ப இன்னும் வேகமாகக் காற்று வருகிறது, அது இன்னும் புழுதியைக் கிளப்புகிறது. இப்படி ஒன்றையொன்று வளர்த்துவிட்டு, எல்லா ஆண்டும் இல்லாவிட்டாலும் ஒருசில ஆண்டுகளில், முழுக் கோளையும் மூடிவிடும். 1971, 1977, 2001, 2007, 2018 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. 1971 நவம்பரில் மரைனர் 9 போய்ச் சேர்ந்தபோது தரையே தெரியவில்லை. நான்கு பெரிய எரிமலைகளின் உச்சி மட்டும் புழுதிக்கு மேலே புள்ளிகளாகத் தெரிந்தது. புழுதி அடங்கி வரைபடம் எடுக்க ஜனவரி ஆகிவிட்டது. அதே நேரத்தில் போன சோவியத் நாட்டின் மார்ஸ் 3 டிசம்பர் 2 அன்று தரையிறங்கி, இரண்டு நிமிடம்கூட ஆகாமல் பேச்சை நிறுத்திக்கொண்டது.

2018 இன்னும் மனதை உலுக்கும். ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் 2004 ஜனவரியில் இறங்கியது. 90 செவ்வாய் நாள் ஓடினால் போதும் என்று அனுப்பினார்கள். 14 ஆண்டு ஓடி 45 கி.மீ. கடந்தது. 2018 ஜூன் 10 அன்று கடைசியாகப் பேசியபோது நடுப்பகலில் வானம் இருட்டிக் கிடந்தது, சூரியத் தகடுக்கு வெளிச்சமில்லை. பிறகு பதிலே வரவில்லை. 2019 பிப்ரவரியில் நாசா அதற்கு விடைகொடுத்தது. அணுமின்கலத்தில் ஓடும் கியூரியாசிட்டி மட்டும் அந்தப் புயலைத் தரையிலிருந்தே கடைசிவரை அளந்தது.

பெரம்பூர் ரகு

சூரிய அளவீடு பற்றி நிலா சொன்னதைக் குறித்துக்கொண்டேன். இப்போது வேறு கேள்வி. செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. பூமியில் 0.04 சதவீதம்தான். 95 சதவீதம் இருக்கும் இடத்தில் சராசரி வெப்பநிலை மைனஸ் 60-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த வாயு அவ்வளவு சூடேற்றுமானால் செவ்வாய் ஏன் விறைத்துக் கிடக்கிறது? சுற்றி வளைக்காமல் பதில் வேண்டும்.

வியாசை நிலா

சார், சதவீதம் ஏமாற்றும். எடையைப் பார்ப்போம். தரையில் ஒரு சதுர மீட்டர் எடுத்துக்கொண்டால் அதற்கு மேலே வான் முழுக்க இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, பூமியில் 6 கிலோவுக்குச் சற்று அதிகம். செவ்வாயில் 150 கிலோவுக்கு மேல். ஆக, எடையிலும் செவ்வாயில்தான் அதிகம். உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, பாருங்கள்.

பதில் அழுத்தத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு எல்லா வெப்பக் கதிரையும் பிடிக்காது, குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும்தான் பிடிக்கும். சுற்றிலும் வேறு வாயு நெருக்கமாக இருந்து மூலக்கூறுகள் அடிக்கடி மோதிக்கொண்டால் அந்த அலைநீளக் கோடுகள் அகலமாகி, பக்கத்துக் கதிர்களையும் பிடிக்கும். பூமியில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த நெருக்கத்தைத் தருகின்றன. செவ்வாயில் சராசரி அழுத்தமே 6 மில்லிபார் அளவு, நம்முடையது 1013. அங்கே கோடுகள் மெல்லியதாக இருக்கின்றன, இடையிடையே வெப்பம் தப்பித்துப் போகிறது. நம் வானில் வெப்பத்தை அதிகம் பிடித்துவைப்பது நீராவி, அதுவும் அங்கே இல்லாத கணக்குதான். அதனால் செவ்வாயின் வளிமண்டலம் தரையைச் சூடேற்றுவது சுமார் 5 டிகிரி. நம்முடையது சுமார் 33 டிகிரி. சூரியனிலிருந்து செவ்வாய் பூமியைவிட ஒன்றரை மடங்கு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம் வெள்ளியைப் பாருங்கள். அங்கேயும் 96 சதவீதம் அதே வாயுதான். ஆனால் அழுத்தம் நம்மைப்போல் 90 மடங்குக்கு மேல். தரையில் சுமார் 460 டிகிரி. ஈயம் உருகும்.

மணலி அன்வர்

நான் அழுத்தமானிகளைச் சோதித்துச் சரிசெய்யும் வேலையில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு வைக்கிங் 1 அளந்த அழுத்த வரைபடத்தைத் தேடி எடுத்தேன். 1976 ஜூலை 20 அன்று இறங்கி 1982 வரை வேலை செய்த கலம். வரைபடம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அழுத்தம் நேர்கோடாக இல்லை. ஒரு செவ்வாய் ஆண்டுக்குள் 7 மில்லிபாருக்குச் சற்றுக் கீழே இறங்கி 9 மில்லிபார் வரை ஏறுகிறது (கலம் இறங்கியது தாழ்வான இடம், அதனால் நிலா சொன்ன சராசரி 6-ஐவிட அதிகம்). ஆண்டுக்கு இரண்டு பள்ளம், ஒன்று ஆழமாக, மற்றது அதைவிட மேலோட்டமாக. முதலில் கருவிப் பிழை என்றுதான் என் தொழில்புத்தி சொன்னது. பிழை இல்லை. தென் துருவத்தில் குளிர்காலம் வந்தால் வளிமண்டலமே உறைந்து தரையில் படிகிறது. கோடையில் மறுபடி வாயுவாகி எழுகிறது. வடக்கில் குளிர்காலம் வரும்போது அங்கே உறைகிறது. கோளின் காற்றில் கால் பங்கு அளவு ஆண்டுதோறும் இப்படி இறங்கி ஏறுகிறது. தெற்கின் குளிர்காலம் செவ்வாய் சூரியனைவிட்டு அதிக தூரத்தில் இருக்கும்போது வருகிறது, நீளமும் அதிகம். அதனால்தான் அந்தப் பள்ளம் ஆழம்.

மழைக்கு முன்னால் இங்கே அழுத்தமானி சில மில்லிபார் இறங்கினாலே பெரிய விஷயம். அங்கே காற்றே நான்கில் ஒரு பங்கு காணாமல் போகிறது! டீச்சர், இந்த ஒரு வரைபடத்தைப் பிள்ளைகளிடம் காட்டினாலே போதும், செவ்வாய்க்கு உயிரோட்டமான தட்பவெப்பம் இருக்கிறது என்று புரிந்துவிடும்.

கத்திவாக்கம் கலை

அன்வர் தம்பி, அதைக் கட்டாயம் பெரிதாக வரைந்து தாருங்கள். சுவரில் மாட்டுவோம்.

அந்தக் குழிகளைப் புரிந்துகொள்ளவும் இது உதவும். தென் துருவப் பாளம் துருவத்தின் நடுவில் இல்லை, ஒருபக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. அதற்குக் காரணம் ஹெல்லாஸ் என்ற மாபெரும் பள்ளம். 2,300 கி.மீ. அகலம், 7 கி.மீ. ஆழம். காற்றோட்டத்தை அது திருப்பிவிடுவதால் துருவத்தின் மேற்குப் பாதியில் கரியமில வாயு வெண்பனியாகப் பொழிகிறது. அது பளீரென்று வெயிலைத் திருப்பி அனுப்பும், அதனால் கோடையிலும் தங்கும். கிழக்குப் பாதியில் அது தரையிலேயே நேரடியாக உறைகிறது. அந்தப் பனி கறுத்திருக்கும், கோடையில் பதங்கமாகி, அதாவது உருகாமலே வாயுவாகி, போய்விடும். மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து 2008-இல் இதைச் சொன்னார்கள். எங்கே பனி தங்கும், எங்கே கரையும் என்பதை நிலத்தின் அமைப்பும் காற்றும் புழுதியும்தான் முடிவு செய்கின்றன.

பெரம்பூர் ரகு

எல்லாம் சரி. ஆனால் மனிதன் இல்லாமலே செவ்வாயில் பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பூமியிலும் வந்திருக்கின்றன. இயற்கையின் மாற்றம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது, நம் காலத்து மாற்றம் மட்டும் இயற்கை இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

வியாசை நிலா

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு, சார். எந்தக் கடிகாரம் பொருந்துகிறது என்று பார்த்துத்தான் சொல்கிறோம்.

செவ்வாயின் அச்சு இப்போது 25 டிகிரி சாய்ந்திருக்கிறது. கிட்டத்தட்ட நம்முடையது மாதிரிதான். ஆனால் நம் அச்சு 22-க்கும் 24.5-க்கும் நடுவில் மட்டும் ஆடுகிறது, பெரிய நிலா ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதால். செவ்வாய்க்கு இருப்பவை ஃபோபோஸ், டெய்மோஸ் என்ற இரண்டு சிறு பாறைகள். அவற்றால் பிடிக்க முடியாது. கடந்த சில மில்லியன் ஆண்டுகளில் அதன் சாய்வு 15 முதல் 35 டிகிரி வரை போய் வந்திருக்கிறது. அதற்கும் முன்னால் 45-ஐத் தாண்டியிருக்கிறது. சாய்வு கூடினால் துருவங்களில் கோடை வெயில் கடுமையாகும், அங்கே இருக்கும் தண்ணீர்ப் பனி ஆவியாகி நடு அட்சரேகைகளில் போய்ப் படியும். சாய்வு குறைந்தால் மறுபடி துருவத்துக்குத் திரும்பும். ஒரு ஆட்டத்துக்கு சுமார் 1,20,000 ஆண்டு.

இது வெறும் கணக்கு இல்லை. மார்ஸ் ரிகானைசன்ஸ் ஆர்பிட்டரில் உள்ள ரேடார் வட துருவப் பனியை ஊடுருவிப் பார்த்தது. உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது. மேல் அடுக்குகளின் அமைப்பிலிருந்து, கடைசிப் பனியுகம் சுமார் 3,70,000 ஆண்டுக்கு முன் முடிந்தது என்று 2016-இல் கணித்தார்கள். அதற்குப் பிறகு 87,000 கன கி.மீ. பனி துருவங்களில் சேர்ந்திருக்கிறது.

பூமியின் பனியுகங்களும் இதே வகை மெதுவான கடிகாரத்தில் ஓடுகின்றன. நாம் பேசுவதோ நூற்றைம்பது ஆண்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 420-ஐத் தாண்டிய கதை. அச்சுச் சாய்வு இந்த நூற்றைம்பது ஆண்டில் கணக்கில் வராத அளவுக்குத்தான் நகர்ந்திருக்கிறது. அந்தக் கூடுதல் கார்பன் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தது என்பதற்கு அதன் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதமே சாட்சி.

காசிமேடு செல்வம்

நிலா சொன்னது எனக்கும் புரிந்தது. கடலோரத்தில் இருக்கிறவனுக்கு இது படிப்பு மட்டும் இல்லை. எங்கள் பக்கம் கரையைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள், கல்லுக்கு அந்தப் பக்கம் கடற்கரை என்று ஒன்று இல்லை. அதற்குத் துறைமுகச் சுவர்களும் காரணம், கடல் மட்டமும் ஒரு காரணம். யாரோ ஒரு ஃபார்வர்டை நம்பி இதெல்லாம் சூரியன் செய்வது என்று பிள்ளைகள் வளரக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

ஒற்றியூர் தமிழ்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டேன், விண்வெளிப் பொறியியல் படிக்க ஆசை. செவ்வாயின் துருவப் பனியை உருக்கி வளிமண்டலத்தைக் கெட்டியாக்கினால் மனிதர் வாழலாம் என்கிறார்களே, அது நடக்குமா? பழைய காலத்தில் அங்கே ஆறு ஓடியது உண்மையா?

கத்திவாக்கம் கலை

தமிழ், ஆறு ஓடியது உண்மை. பெர்சிவியரன்ஸ் 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய ஜெசெரோ பள்ளம் 45 கி.மீ. அகலம். அது ஒரு காலத்தில் ஏரி. ஆறு வந்து சேர்ந்த வாயில் வண்டல் விசிறியாகப் பரவிய டெல்டா இன்றும் நிற்கிறது, மூன்றரை பில்லியன் ஆண்டு கழித்தும். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2024 ஜூலையில் செயாவா ஃபால்ஸ் என்று பெயரிட்ட ஒரு செந்நிறக் களிமண் பாறையை ரோவர் கண்டது. சிறுத்தைத் தோல் போல் புள்ளிகள், வெளிறிய நடு, கறுத்த விளிம்பு. உயிர்ச்செயலாலும் அப்படி உருவாகலாம் என்பதால் அதை உயிரின் சாத்தியமான தடயம் என்று 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். உறுதி செய்ய மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவர வேண்டும்.

அப்படித் தண்ணீர் ஓடிய கோள் காய்ந்தது எப்படி? ஆரம்பத்தில் செவ்வாய்க்கும் காந்தப் புலம் இருந்தது. பழைய தென்பகுதிப் பாறைகளில் அதன் மிச்சம் இன்றும் அளக்கும்படி இருக்கிறது. கோளின் உட்கரு ஆறியபோது அந்தக் காப்பு போயிற்று. சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாய்ந்துவரும் மின்னூட்டத் துகள்கள், வளிமண்டலத்தின் மேல்பகுதியை நேராகத் தாக்கத் தொடங்கியது. மேவன் விண்கலம் 2014 முதல் அங்கே சுற்றி இதை அளந்தது. சூரியக் காற்று நொடிக்கு 100 கிராம் அளவு வாயுவை அள்ளிக்கொண்டு போகிறது. கேட்டால் சொற்பமாகத் தோன்றும், கோடிக்கணக்கான ஆண்டுகளைப் பெருக்கிப் பாருங்கள். அதிலும் இளம் சூரியன் இப்போதைவிட ஆவேசமாக வீசியது. ஆர்கான் ஐசோடோப்களைக் கொண்டு கணக்கிட்டபோது, அங்கிருந்த ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. ஆர்கான் எதனுடனும் வினைபுரியாது, பாறைக்குள்ளும் ஒளியாது. அது குறைந்தால் மேலே போயிருக்க வேண்டும், வேறு வழியில்லை. அந்தத் தேர்வின் புத்திசாலித்தனத்தை நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

இன்னொரு பங்கு பாறைக்குள் போயிற்று. கியூரியாசிட்டி கேல் பள்ளத்தில் துளைத்த பாறைகளில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் 5 முதல் 10 சதவீதம் வரை இருந்தது என்று 2025-இல் அறிவித்தார்கள்.

இப்போது உன் முதல் கேள்வி. 2018-இல் இருக்கும் கார்பன் டை ஆக்சைடையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். துருவப் பனியை முழுவதும் ஆவியாக்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும், பூமியினுடையதில் 1.2 சதவீதம். மண்ணிலும் பாறையிலும் இருப்பதையெல்லாம் பிழிந்தாலும் 7 சதவீதத்தைத் தாண்டாது. தண்ணீர் திரவமாக நிற்க அந்தச் சூடு போதாது. போன காற்று போனதுதான். நீ படித்து அங்கே போகும் கருவிகளைச் செய், அதற்கு எல்லை இல்லை.

ஒற்றியூர் தமிழ்

நன்றி அக்கா. மங்கள்யான் இதில் என்ன கண்டது? எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள், ஆனால் என்ன செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பெரம்பூர் ரகு

இதை நான் சொல்கிறேன். 2013 நவம்பர் 5, பிற்பகல் 2.38-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-25 கிளம்பியது. பெரிய ராக்கெட் கிடையாது, அதனால் பூமியையே பலமுறை சுற்ற வைத்து, சுற்றுக்குச் சுற்று வேகம் கூட்டி, டிசம்பர் முதல் நாள் செவ்வாய்ப் பாதையில் தள்ளினார்கள். 2014 செப்டம்பர் 24 காலை முதல் முயற்சியிலேயே சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. செலவு சுமார் 450 கோடி. திட்ட இயக்குநர் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் சுப்பையா அருணன். ஆறு மாதத்துக்கு என்று அனுப்பிய கலம் 2022 வரை உயிரோடு இருந்தது. பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சாதாரண வேலை இல்லை.

காசிமேடு செல்வம்

ரகு ஐயா, ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக்காரர்களைக் கடலுக்குப் போகாதே என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெருமையில் அவர்கள் விட்ட கூலிக்கும் பங்கு உண்டு.

வியாசை நிலா

உண்மை அண்ணா.

தமிழ், அறிவியல் பக்கம் நான் சொல்கிறேன். கலத்தில் ஐந்து கருவிகள், மொத்தம் சுமார் 15 கிலோ. அதன் சுற்றுப்பாதை நீளமான முட்டை வடிவம், ஒரு முனையில் சுமார் 420 கி.மீ., மறுமுனையில் 77,000 கி.மீ. தூரத்தில் இருக்கும்போது வண்ணக் கேமரா செவ்வாயை ஒரே சட்டத்தில் முழு வட்டமாகப் பிடித்தது, புழுதியும் மேகமும் சேர்ந்து தெரியும்படி. கிட்டே வரும்போது மென்கா என்ற கருவி மேல்வளிமண்டலத்தின் வாயுக்களை நேரடியாக எடை போட்டது. ஆர்கான் அணுக்கள் எதிர்பார்த்ததைவிட மிகச் சூடாக இருப்பதைக் கண்டது. வளிமண்டலம் எப்படிக் கசிகிறது என்ற கேள்விக்கு அது நேரடித் தகவல். மீத்தேன் கருவி மீத்தேனைத் தேட எண்ணி அனுப்பியது. அதற்கு அது பொருந்தவில்லை. அதன் அளவீடுகளிலிருந்து செவ்வாய்த் தரையின் ஒளி எதிரொளிப்பு வரைபடத்தைத் தயாரித்தார்கள். தரை எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளிறியிருக்கிறது என்பதுதானே நாம் ஆரம்பத்திலிருந்து பேசுவது, ஆகவே அதுவும் பயன்தான்.

பெரம்பூர் ரகு

நிலா, அந்த 0.65 டிகிரி பற்றி ஒன்று மட்டும். அது எவ்வளவு உறுதியான எண்?

வியாசை நிலா

மாதிரிக் கணக்கு, சார். தெர்மாமீட்டர் வைத்து அளந்தது அல்ல. இரண்டு காலத்துத் தரைப் படங்களை ஒப்பிட்டுப் பெற்றது. 1977-இல் இரண்டு பெரும் புயல்கள் அடித்து வெளிறிய புழுதியைப் பரப்பியிருந்தன. ஒவ்வொரு பெரும் புயலும் அந்தப் போர்வையை மாற்றிப் போடுகிறது. இரண்டு படங்களை வைத்துக்கொண்டு நீண்ட காலப் போக்கு என்று சொல்ல முடியாது. பூமியிலோ நூற்றாண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கான நிலையங்களிலும் கப்பல்களிலும் அளந்த வரிசை இருக்கிறது. சென்னையிலேயே 1790-களில் தொடங்கிய வானாய்வு நிலையம் வானிலைக் குறிப்பு எடுத்தது.

பெரம்பூர் ரகு

சரி. எங்கள் ஓய்வூதியர் குழுவில் இந்த ஃபார்வர்டு வந்தால் சூரிய அளவீட்டையும் மீள் அடுக்குக் குளிர்ச்சியையும் தமிழில் நான்கு வரியில் எழுதிப் போட வேண்டும். நிலா எழுதித் தரட்டும், என் பெயரில் நான் போடுகிறேன். என்னை அங்கே கேட்பார்கள்.

காசிமேடு செல்வம்

பிள்ளைகளுக்குச் செவ்வாயை நேரில் காட்ட முடியுமா டீச்சர்? எந்த நேரத்தில், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கத்திவாக்கம் கலை

காட்டலாம் அண்ணா. சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை பூமி, சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் வரும். அடுத்து அது நடப்பது 2027 பிப்ரவரி 19. அந்த வாரங்களில் சூரியன் மறையும்போதே கிழக்கில் கடலிலிருந்து செவ்வாய் எழும், சிம்ம ராசியின் நட்சத்திரங்களுக்கு நடுவில், ஆரஞ்சு நிறத்தில், மின்னாமல். நமக்குக் கிழக்கு முழுக்க கடல், மறைப்பு இல்லை. பிப்ரவரியில் வானமும் தெளிவாக இருக்கும். துறைமுக விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும். வெறும் கண்ணுக்கு நிறம் நன்றாகத் தெரியும். நல்ல தொலைநோக்கி கிடைத்தால் வட துருவத்தின் வெண்பனியும் தெரியும், அந்த முறை வட பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும். தூரம் சுமார் 10 கோடி கி.மீ. என்பதால் வட்டு சிறியதாகத்தான் இருக்கும். 2035 செப்டம்பரில் 6 கோடிக்கும் கீழே வரும், அப்போது இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் வடசென்னையில் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், படிப்பகத்தின் மொட்டை மாடி திறந்திருக்கும்.